கை மரப்பு முதல் அடிக்கடி பஞ்சர் வரை: நெடுந்தூர சைக்கிள் டயர் தொல்லைகள், அறிகுறி வாரியாக

200 கிலோமீட்டர் பிரெவேயை, அதாவது நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் பயணத்தை, 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சென்னையில் விடியும் முன் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கித் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். காலில் தெம்பு இருக்கும்போதே கை, கழுத்து, இடுப்பு தாங்காமல் பாதியில் இறங்கிவிடுகிறவர்கள் இதில் பலர். சீட்டை மாற்று, கையுறை வாங்கு, கார்பன் ஃபோர்க் போடு என்று ஆலோசனைகள் வரும். அதற்கெல்லாம் முன்னால் டயரையும் அதிலுள்ள காற்றையும் பாருங்கள். காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய இடம் அது, பலன் அதிகமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

கீழே தொல்லை வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது இருக்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதையும் மாற்றும் முன்

மீட்டர் வைத்த பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, காற்றழுத்தம் 65 பிஎஸ்ஐயா (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) 90 பிஎஸ்ஐயா என்று சொல்ல முடியாது. ஓர் அளவுக்கு மேல் எல்லாமே ஒரே இறுக்கமாகத்தான் தெரியும். பம்புக்குப் பம்பு மீட்டர் சில பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டும். அதனால் பரவாயில்லை, எப்போதும் ஒரே பம்பையே பயன்படுத்துங்கள். பெட்ரோல் பங்க் காற்று அவசரத்துக்கு மட்டும். கார் டயருக்கான வேகத்தில் வரும் காற்று சைக்கிள் டியூபைக் கண்மூடித் திறப்பதற்குள் நிரப்பிவிடும்.

அடுத்து டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 28-622 என்று இருந்தால் 28 என்பது மில்லிமீட்டரில் அகலம். 622 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், நாம் 700சி என்று சொல்வது. பக்கத்திலேயே 'அதிகபட்சம் 115 பிஎஸ்ஐ' என்பது போல ஓர் எண் இருக்கும். அது எல்லை. அதற்கு மேல் போகாதே என்று டயர் தயாரித்தவர் சொல்வது. நம் ஊரில் பல கடைகளில் அந்த எண்ணைப் பார்த்தே காற்று அடித்துக் கொடுக்கிறார்கள், பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, எவ்வளவு அடிப்பது? ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம் சாதாரணத் தார்ச்சாலைக்கு நான் சொல்லும் தொடக்க அளவு இது:

25 மிமீ டயர்: முன் 75, பின் 83
28 மிமீ: முன் 63, பின் 70
32 மிமீ: முன் 51, பின் 57
35 மிமீ: முன் 44, பின் 49

மொத்த எடையில் 5 கிலோ கூடினால் 2 அல்லது 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் அதேபோலக் குறையுங்கள். டியூப்லெஸ் என்றால் இன்னும் 3 முதல் 5 குறைக்கலாம். இங்கே நான் சொல்லும் அகலம் அளந்து பார்த்த அகலம். அகலமான ரிம்மில் மாட்டிய 28 மிமீ டயர் வெர்னியரில் 30 காட்டுவது சகஜம். அப்படியானால் 30க்கு உரிய அளவையே, அதாவது 28க்கும் 32க்கும் நடுவிலானதை, எடுத்துக்கொள்ளுங்கள்.

இதன் அடிப்படை பழையது. ஃபிராங்க் பெர்ட்டோ என்ற அமெரிக்கப் பொறியாளர் பல டயர்களை எடை ஏற்றி அளந்து, ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்கும்படி காற்று இருக்கலாம் என்ற கணக்கைத் தந்தார். 28 மிமீ டயரில் இது 4 மிமீ. வீட்டிலேயே சோதிக்கலாம்: சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓட்டும் நிலையிலேயே சைக்கிளில் உட்காருங்கள். ரிம் விளிம்பிலிருந்து தரைவரை இன்னொருவர் ஸ்கேலால் அளக்கட்டும். இறங்கியபின் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கும் அளவு. முன் சக்கரத்தில் 2 மிமீ கூட அமுங்கவில்லை என்றால் உங்கள் கை ஏன் வலிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உள்ளங்கை முழுதும் அதிர்ந்து மரத்துப்போகிறது

முன் டயரில் காற்று அதிகம். சைக்கிளில் உட்காரும்போது நம் எடையில் 40 முதல் 45 சதவீதம்தான் முன் சக்கரத்தில் விழுகிறது. இருந்தும் பலர் இரண்டு டயருக்கும் ஒரே அளவு அடிக்கிறார்கள். முன்னால் 5 பிஎஸ்ஐ குறைத்து, உங்களுக்கு நன்கு பழகிய, கரடுமுரடான ஒரு கிலோமீட்டர் சாலையில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் 3 குறைத்து அதே சாலையில் மறுபடி. ஒரு கட்டத்தில் ஹேண்டிலில் வரும் பொடி அதிர்வு அடங்கிவிடும், அங்கே நிறுத்துங்கள். பின் டயரைத் தொட வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால் கதை வேறு. உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் அல்னார் நரம்பு அமுங்குகிறது. ஹேண்டில் ரொம்பக் கீழே இருக்கலாம், சீட் முன்பக்கம் சாய்ந்திருக்கலாம், மணிக்கணக்கில் கையை ஒரே இடத்தில் வைத்திருக்கலாம். காற்றைக் குறைத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆனால் குணமாகாது.

அகலமான டயர் போட்டும் அதே குலுக்கல்

இந்தப் புகாரை நான் அதிகம் கேட்கிறேன். 25 மிமீயிலிருந்து 32க்கு மாறியிருப்பார், காற்று மட்டும் பழைய பழக்கத்தில் 80 அல்லது 90 இருக்கும்.

டயரின் உறையில் ஏற்படும் இழுவிசை, காற்றழுத்தத்தையும் டயரின் அகலத்தையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 25 மிமீ டயரில் 100 பிஎஸ்ஐ என்றால் 2,500. 32 மிமீ டயரில் 80 பிஎஸ்ஐ என்றால் 2,560. அதாவது மீட்டரில் 20 பிஎஸ்ஐ குறைவாகத் தெரிந்தாலும் புதிய டயரின் உறை முன்பைவிடச் சற்று அதிகமாகவே விறைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய அகலம் வேலை செய்யவே இல்லை. முன் 51, பின் 57க்கு இறக்குங்கள்.

இறக்கியும் திருப்தி இல்லையா? டயரைக் கழற்றிக் கையில் எடுத்து, பக்கவாட்டை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். எளிதாக வளைந்து கொடுத்தால் நல்ல உறை. கனமாக, மடிய மறுத்தால் சாலையின் சிறு நொறுங்கல்களை அது விழுங்காது, எந்த அழுத்தத்திலும் அப்படித்தான். பஞ்சரே ஆகாது என்று விளம்பரப்படுத்தப்படும் தடித்த டயர்களில் பல இந்த வகை. தினமும் அலுவலகம் போய்வர அவை நல்ல டயர்கள். 300 கிலோமீட்டருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தரையில் படும் பகுதியில் மட்டும் பாதுகாப்புப் பட்டையும், பக்கவாட்டில் மெல்லிய உறையும் உள்ள டயரைத் தேடுங்கள்.

அப்புறம் ஒன்று, வாங்கும் முன் இடைவெளி பாருங்கள். டயருக்கும் ஃப்ரேம், ஃபோர்க், பிரேக் எதற்கும் நடுவே 4 மிமீயாவது இருக்க வேண்டும். ஈரத் தார்ப் பூச்சில் ஒட்டும் பொடிக்கல் உள்ளே போய்ச் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய ரிம் பிரேக் ரோடு சைக்கிள்கள் பலவற்றில் 28தான் எல்லை. அதுவும் போதும், 23லிருந்து 28க்கு வருவதே பெரிய மாற்றம்.

காற்றைக் குறைத்தால் வேகம் போய்விடுகிறது என்று தோன்றுகிறது

தோன்றும். விறைத்த டயர் படபடவென்று அதிர்வதை உடல் வேகமாக எடுத்துக்கொள்கிறது. ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள்.

வழவழப்பான இரும்பு உருளையில் டயரைச் சுற்றவிட்டு அளந்தால், காற்று கூடக்கூட உருளல் தடை குறைந்துகொண்டே வரும். பல காலம் எல்லாரும் அந்த அளவீட்டையே நம்பினார்கள். உருளையில் ஆள் உட்காருவதில்லை என்பதுதான் அதிலுள்ள குறை. உண்மைச் சாலையில் விறைத்த டயர் ஒவ்வொரு பொடிக்கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் மேலே தூக்கிப் போடுகிறது. அந்தத் தூக்கலுக்கான சக்தி உங்கள் காலிலிருந்து வந்தது. தசையில் குலுங்கி வெப்பமாக வீணாகிறது. அதனால் ஒவ்வொரு சாலைக்கும் ஓர் அளவு உண்டு, அதைத் தாண்டி அடித்தால் தடை மறுபடி ஏறும். சரியான அளவுக்கு 5 கீழே இருந்தால் இழப்பு சிறிது, 10 மேலே இருந்தால் இழப்பு கணிசம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 23 மிமீ ஓட்டிய தொழில்முறைப் பந்தயக்காரர்கள் இன்று 28, 30 ஓட்டுவது சுகத்துக்காக மட்டும் இல்லை.

மிதிக்கும்போது பின்பக்கம் துள்ளுகிறது, வளைவில் நெளிகிறது

இப்போது காற்று நிஜமாகவே குறைவு. சமதரையில் வேகமாக மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் சீட் ஏறி இறங்கினால் பின்னால் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். வளைவில் சைக்கிள் ஒரு கணம் தயங்கித் திரும்பினாலோ ஹேண்டில் கனத்தாலோ முன்னால் 3. வேகத்தடையில் 'டக்' என்று ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் 5 கூட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் ரிம்மின் விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென்று இந்த அறிகுறிகள் வந்தால் அளவைக் குறை சொல்ல வேண்டாம். மெதுவான பஞ்சராக இருக்கும்.

அடிக்கடி பஞ்சர்

டியூபை மாற்றிவிட்டு ஓடுவதால்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது. ஓட்டை எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் புது டியூபைப் போடாதீர்கள். டயரை மாட்டும்போதே அதன் பிராண்டு எழுத்தை வால்வுக்கு நேராக வரும்படி மாட்டும் பழக்கம் வையுங்கள். டியூபில் வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி ஓட்டை இருந்தால், டயரிலும் எழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் முள் இருக்கும். எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தேட வேண்டியது.

வெளிப்பக்கத்தில் ஒற்றைத் துளை: ஏதோ குத்தியிருக்கிறது, பெரும்பாலும் இன்னும் டயரிலேயே இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். வெட்டிப் போட்ட கிளை காற்றில் ஓரத்துக்கு வந்துவிடும். சிறு சாலைகளின் மண் ஓரத்தில் நெருஞ்சி. நான்குவழிச் சாலைகளில் வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி. இந்தக் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுதும் மெதுவாகத் துடைத்துக்கொண்டு வாருங்கள். ஓர் இடத்தில் பஞ்சு நூலாக இழுபடும். அங்கே டயரை உட்புறமாக வளைத்தால் வெள்ளிப் புள்ளியாகக் கம்பி முனை தெரியும். நகவெட்டியாலோ சிறு இடுக்கியாலோ பிடுங்குங்கள், கையால் வராது. பழகினால் சாலையோரத்திலேயே சில நிமிட வேலைதான்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்: பாம்புக்கடி என்பார்கள். பள்ளத்தின் விளிம்பில் டயர் முழுதாக அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காற்றைக் கூட்ட வேண்டும். கூட்டினால் குலுக்குகிறது, குறைத்தால் பாம்புக்கடி என்ற நிலைக்கு வந்துவிட்டால் உங்கள் எடைக்கு அந்த டயர் குறுகல் என்று பொருள். ஓர் அளவு அகலமானதை வாங்குங்கள்.

ரிம் பக்கம், அதாவது உட்பக்கம் துளை: சாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்போக் ஓட்டைகளை மூடும் ரிம் டேப் விலகியிருக்கிறது. வெயிலில் பசை இளகி ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவது அடிக்கடி நடப்பது. ரப்பர் டேப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ரிம்மின் உள் அகலத்தைவிட 2 மிமீ கூடுதலான, பசையுள்ள டியூப்லெஸ் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். டியூப் போட்டு ஓட்டுபவர்களுக்கும் இதுதான் நல்லது.

வால்வின் அடியில் கிழிசல்: பம்பு அடிக்கும்போது வால்வு ஆடுகிறது, அல்லது வால்வு சாய்ந்திருக்க அப்படியே ஓட்டியிருக்கிறீர்கள். பம்பின் தலையை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்து அடியுங்கள். இந்தக் கிழிசலுக்குப் பேட்ச் நிற்காது.

எதுவும் இல்லாமல் நீளமாகக் கிழிந்திருக்கிறதா? அது அடுத்த பகுதி.

வெயிலில் நிறுத்தினேன், வெடித்துவிட்டது

வெயில் மீது பழி போடுவது வழக்கம். கணக்குப் பாருங்கள்: 30 டிகிரியில் 70 பிஎஸ்ஐ அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 5, 6 பிஎஸ்ஐதான் ஏறும். அதைத் தாங்காத டயர் இல்லை. வெடித்ததற்குக் காரணம் அநேகமாக டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்ட டியூப், அல்லது டயரின் பக்கவாட்டில் ஏற்கெனவே இருந்த வெட்டு. சூடு அதைக் கொஞ்சம் முன்கூட்டிக் கொண்டுவந்தது, அவ்வளவே. டயரை மாட்டியதும் காற்றடிக்கும் முன் இரண்டு பக்கமும் ஓரத்தை ஒதுக்கி, சுற்றிலும் டியூப் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். வால்வை உள்ளே ஒருமுறை அமுக்கி இழுங்கள். அங்கேதான் அதிகம் மாட்டும்.

விதிவிலக்கு மலை இறக்கம். கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கினால் ரிம் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும், டியூபுக்கு அது நேரடி ஆபத்து. விட்டுவிட்டுப் பிடியுங்கள், நடுவில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஹூக்லெஸ் ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் எல்லை 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயரில் 100 என்று போட்டிருந்தாலும் ரிம்மின் எல்லைதான் செல்லும். ஹூக்லெஸுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட டயரை மட்டுமே மாட்டுங்கள். இதில் சமரசம் செய்யாதீர்கள். டயர் ரிம்மிலிருந்து கழன்று வந்தால் விழுவது முகம் குப்புறத்தான்.

சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குதி குதிக்கிறது

டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் அந்தக் கோடு ஓரிடத்தில் ரிம்முக்குள் மறையும். காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் வெளியே இழுத்துவிட்டு, எல்லைக்குள் சற்று அதிகமாக அடியுங்கள். 'பட்' என்று உட்காரும். பிறகு ஓட்டும் அளவுக்கு இறக்குங்கள்.

இரவு அடித்தேன், காலையில் காற்று இல்லை

சாதாரணப் பியூட்டைல் டியூப் வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ இழக்கும். லேடெக்ஸ் டியூப் ஒரே இரவில் அதற்கு மேல் இழக்கும். அது கோளாறு இல்லை, தினமும் அடிக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குப்பியால் நிரப்பியிருந்தால் அந்த வாயு ரப்பர் வழியே வேகமாகக் கசியும், வீடு வந்ததும் இறக்கிவிட்டுப் பம்பால் அடியுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் வால்வு. பிரெஸ்டா வால்வின் சிறு திருகை இறுக்கினீர்களா, வால்வின் உள்கட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வு நுனியில் எச்சில் தொட்டு வைத்தாலே குமிழி காட்டிக்கொடுக்கும்.

டியூப்லெஸ் என்றால், உள்ளே ஊற்றிய, ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் காய்ந்திருக்கும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் திரவம் சலசலக்க வேண்டும். சத்தம் இல்லையென்றால் 28, 32 மிமீ டயருக்கு 40 மில்லியாவது ஊற்றுங்கள். அழுத்தம் குறையக் குறையச் சீலன்ட் நன்றாக அடைக்கும், அதனால் 32 மிமீக்கு டியூப்லெஸ் பொருத்தம். 25 மிமீயில் 80 பிஎஸ்ஐ அடிப்பவருக்கு நான் டியூபையே சொல்வேன்.

பஞ்சர் ஒட்டிய பிறகு கைப்பம்பால் எவ்வளவு அடித்தேன் என்று தெரியவில்லை

சின்னக் கைப்பம்பில் மீட்டர் இருக்காது, அரைகுறைக் காற்றோடு கிளம்பி அடுத்த பள்ளத்தில் பாம்புக்கடி வாங்குவது பிரெவேக்களில் சாதாரணம். வீட்டிலேயே ஒருநாள் பின் டயரை முழுதாக இறக்கி, அந்தக் கைப்பம்பால் எண்ணி எண்ணி அடியுங்கள். இடையிடையே மீட்டர் பம்பை மாட்டிப் பாருங்கள், மாட்டிக் கழற்றும்போது கொஞ்சம் கசியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் அளவுக்கு ஐந்து பிஎஸ்ஐ முன்னால் வந்ததும் அந்த எண்ணிக்கையை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பம்பிலேயே ஒட்டுங்கள். முன் டயருக்கும் தனியாக ஓர் எண் எடுத்து அதன் கீழேயே எழுதிவிடுங்கள்.